குன்னத்துக் கல் ஜப்பானுக்கு, ராஜஸ்தான் கல் நம் வாசலுக்கு

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் புது கார் வந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். பூசாரி சூடம் காட்டி முடித்ததும் டிரைவர் வண்டியை ஓர் அடி முன்னே நகர்த்தினார். பழங்கள் நசுங்கின, பூசணிக்காய் உடைந்தது, குங்குமத் தண்ணீர் கேட் வரைக்கும் ஓடியது. ஆளுக்கொரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு கலைந்தோம். மறுநாள் காலையில் வாசல் கழுவும்போதுதான் அந்த வீட்டம்மா கவனித்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் பாவிய கடப்பா கல்லில், சக்கரம் நின்ற நான்கு இடங்களிலும் வெளிறிப்போன திட்டு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கொத்தனார் ஒரு யோசனை சொன்னார். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினார்கள். நாலு திட்டாக இருந்தது நடுவாசல் முழுக்க ஒரே திட்டானது.

வீட்டுக்காரர் கொதித்துப்போனார். கல் பாவியதும் கடைக்காரர் சொன்ன சீலரை, இரண்டு கோட், காசு பார்க்காமல் அடித்திருந்தார். "அப்புறம் எதுக்குங்க அந்த சீலரு?" என்றார் என்னிடம்.

நியாயமான கேள்வி. கல்லில் விழுந்தது கறையாக இருந்தால் சீலர் தடுத்திருக்கும். ஆனால் அங்கே விழுந்தது கறை இல்லை, அரிப்பு. கடப்பா என்று நாம் வாங்குவது சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறு ஓர் அமிலம், பாத்ரூம் ஆசிட் அதைவிடப் பல மடங்கு கொடியது. கல்லின் மேல்தோல் கரைந்து சொரசொரப்பானதைத்தான் நம் கண் வெள்ளைத் திட்டாகப் பார்க்கிறது. எந்த ஊடுருவும் சீலரும் இதைத் தடுக்காது. கல்லைத் தேர்ந்தெடுத்தபோது செய்த தவறைப் பூச்சு போட்டுத் திருத்த முடியாது.

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கல் பாவ நினைக்கிற வீட்டுக்காரர்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நிறையப் பேர். என்னிடம் கேட்பவர்கள் எல்லோருமே முதலில் "எந்த சீலர் நல்லது?" என்கிறார்கள். இரண்டாவது கேள்வி கல்லைப் பற்றி. கல்லுக்கு அடியில் என்ன போடுவது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போடச் சொல்வேன். அதைச் சொல்வதற்கு முன்னால் குன்னத்துக்குப் போய்விட்டு வர வேண்டும்.

கல்லறைக்குப் போன பெயர்

திண்டிவனம் வட்டாரத்தில் இருக்கிறது இந்தக் குன்னம். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் மாவட்டத்திலேயே பாதிப் பேருக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஜப்பானில் கல்லறைக் கல் விற்கும் கடைக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் வாயில் அது 'குன்னாமு'. உயர்ந்த ரகக் கறுப்புக் கல் வேண்டுமென்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அவர்கள் காட்டுகிற கற்களில் ஒன்று இந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஒரு தமிழ்க் கிராமத்தின் பெயர் கடல் கடந்து போய், யாரோ ஒரு குடும்பத்தின் மூதாதையர் தலைமாட்டில் நிற்கிறது.

ஏன் அவர்களுக்கு இந்தக் கல் மேல் இத்தனை மோகம்? கறுப்பு மட்டுமே காரணமில்லை. இது தண்ணீரைக் குடிக்காத கல். குளிர்நாட்டில் கல்லுக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து பருத்தால் கல் வெடிக்கும், எழுத்து உதிரும். தண்ணீரே புகாத கல்லுக்கு அந்தக் கவலை இல்லை. மெருகும் பல்லாண்டு நிற்கும்.

கடையில் இதைக் 'கறுப்பு கிரானைட்' என்று விற்பார்கள். வியாபாரத்தில் கெட்டியான கல்லெல்லாம் கிரானைட்தான். நிலவியலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கில் இது டோலரைட். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு, பழைய பாறையின் வெடிப்புகளில் ஏறி, சுவர் வைத்த மாதிரி நெட்டுக்குத்தலாக நின்று இறுகியது. சுவர் குறுகலாக இருப்பதால் சீக்கிரம் ஆறியது. சீக்கிரம் ஆறியதால் மணிகள் நுணுக்கமாக, நெருக்கமாக அமைந்தன. பைராக்சீன் போன்ற கருங்கனிமங்கள் நிறைய. உண்மையான கிரானைட்டில் மினுங்கும் குவார்ட்ஸ் இதில் அரிது. தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் விற்கும் கறுப்புக் கற்களிலும் குன்னத்துக்கு இடமுண்டு.

கல்லறைக்கும் தமிழ்நாட்டுக் கல்லுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா நகரத்தோடு பெயர் பிணைந்துபோன ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. பின்னாளில் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையை ஆராய்ந்தபோது அதே வகைக் கல் என்று கண்டு, அந்தப் பாறை வகைக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். நாம் கருங்கல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற கற்களுக்குள் சார்னாக்கைட், நைஸ், கிரானைட், டோலரைட் என்று இத்தனை சாதி.

இப்போது வீட்டு வாசலுக்குத் திரும்புவோம். இந்த ஊரில் கல் பாவுகிறவர்கள் எதை வாங்குகிறார்கள்? ஆந்திராவின் கடப்பா, தெலங்கானாவின் தாண்டூர், ராஜஸ்தானின் கோட்டா. கொஞ்சம் வசதியானவர்கள் ராஜஸ்தான் மணற்கல். கோட்டா நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். குன்னத்துப் பாளம் துறைமுகத்துக்குப் போகும் லாரியும், கோட்டா கல் ஏற்றி வரும் லாரியும் திண்டிவனம் புறவழிச் சாலையில் எதிரெதிரே கடந்துபோகும் காட்சியை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

"குன்னத்துக் கல் நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். மெருகேற்றிய பெரிய பலகை கட்டாதுதான். ஆனால் ஏற்றுமதிப் பாளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல்கூட இருக்கக் கூடாது, ஒரு வெள்ளை நரம்பு ஓடக் கூடாது. அப்படிக் கழித்துக் கழித்து, வெட்டியெடுத்ததில் பெரும்பகுதி குவாரி ஓரத்தில் மலையாகக் குவிந்துவிடுகிறது. கல்லறைக்கு ஆகாத அந்தக் கல் கார் சக்கரத்துக்குத் தாராளமாக ஆகும். நாலு அங்குலக் கட்டிகளாக உடைத்துப் பாவினால் வெள்ளை நரம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? குவாரியில் நேரில் போய்க் கேளுங்கள். வாங்கினால் நடைச்சீட்டோடு வாங்குங்கள். அது இல்லாமல் வரும் லோடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கறுப்புக் கல் சித்திரை வெயிலில் தோசைக்கல். செருப்பில்லாமல் வாசலில் நடமாடுகிற வீடு என்றால் சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கறுப்பு வைத்து, நடக்கிற இடத்துக்குச் சாம்பல் நிறக் கருங்கல் வைக்கலாம். கர்நாடகத்துச் சதரஹள்ளிக் கல் அந்த வகை. நம் பக்கத்துக் கருங்கல்லும் குறைந்ததில்லை. செஞ்சிக் கோட்டைப் படிகளில் ஏறிப் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கோட்டையின் படிகளுக்கு யாரும் சீலர் அடித்ததில்லை. நூற்றாண்டுகளாகக் கால்கள் தேய்த்த மெருகுதான் அதன் மேல் இருக்கிறது.

கடையில் செய்ய வேண்டிய குறும்புகள்

கல் கடைக்குப் போகும்போது பையில் நாலு சாமான் போதும்: ஓர் எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு வெள்ளைத் துணி, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் செய்யுங்கள்.

எலுமிச்சையைப் பிழிந்து அரைமணி நேரம் விடுங்கள். துடைத்தால் மங்கல் தெரிகிறதா? அது சுண்ணாம்புக்கல் வகை. கடப்பா, கோட்டா, தாண்டூர், மார்பிள் எல்லாம் இந்தச் சோதனையில் மாட்டும். உள்ளே அலமாரிக்கும் பரணுக்கும் கடப்பாவைப் போல மலிவான நல்ல கல் கிடையாது. வாசலுக்கு மட்டும் வேண்டாம். வெயிலில் அதன் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும், ஓரம் தகடு தகடாகப் பெயரும்.

தண்ணீரைச் சொட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் கல் கறுத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டால் அது குடிகாரக் கல், அதற்குச் சீலர் கட்டாயம். மணற்கல் பெரும்பாலும் இப்படித்தான். பத்து நிமிடம் ஆகியும் சொட்டு அப்படியே முத்துப் போல நின்றால், அந்தக் கல்லுக்குச் சீலர் விற்க வருகிறவரை அன்போடு திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் ஒன்று, கடைக்காரர் ஏற்கெனவே எதையாவது தடவி வைத்திருந்தாலும் தண்ணீர் நிற்கும். அதனால் மேல்பக்கத்தோடு நிறுத்தாமல் அறுத்த ஓரத்திலும் சொட்டிப் பாருங்கள். அளவாகவே தெரிய வேண்டுமென்றால் இயற்கைக் கட்டடக் கற்களின் நீர் உறிஞ்சலை அளக்க ஐ.எஸ். 1124 என்ற இந்தியத் தரமுறை இருக்கிறது. பெரிய அளவில் வாங்குகிறவர்கள் அந்த அறிக்கையைக் கேட்கலாம்.

அசிட்டோன் கறுப்புக் கல்லுக்கு. சாம்பல் நிறத்தில் வரும் மட்டமான கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றிக் 'குன்னம்' என்று விற்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க நடக்கிற பழைய வித்தை. வெள்ளைத் துணியில் அசிட்டோனை நனைத்து அழுத்தித் தேய்த்தால் துணி கறுக்கும். அசல் கல் என்றால் துணியில் ஒன்றும் வராது.

மேல்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் சண்டையே வேண்டாம். வண்டி ஏறும் இடத்தில் மெருகு கூடாது. ஐப்பசி மழையில் ஈரச் செருப்போடு சறுக்கி விழுகிற முதல் ஆள் வீட்டின் மூத்த ஆளாகத்தான் இருப்பார். கிரானைட்டை நெருப்பு ஊதிப் பொரிய வைக்கும் 'ஃப்ளேம்' முறை இருக்கிறது. கல்லிலுள்ள குவார்ட்ஸ் சூட்டில் சட்டென்று பருத்து மேல்தோலைச் சிதறடிப்பதால் சொரசொரப்பு வரும். குவார்ட்ஸ் குறைந்த டோலரைட்டுக்குக் கொத்து வேலைதான் சரி. ஆனால் கொத்திய பிறகு அந்தக் கறுப்பு இருக்காது. கல் சாம்பலாகத் தெரியும், மழை நனைத்தால் மட்டும் மறுபடி கறுக்கும். பளபளத்த மாதிரியைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர்கள் கல் இறங்கியதும் "ஏமாத்திட்டாங்க" என்று போனில் கத்துவது இதனால்தான். கொத்திய மாதிரியைத்தான் முதலிலேயே கேட்க வேண்டும்.

மண்ணுக்குள் போடும் காசு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் மிதந்தது. அப்போது இழந்ததில் வாசல் கல் ஒரு பொருட்டே இல்லை. வீடும் மாடும் பயிரும் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தண்ணீர் வடிந்த பிறகு தெரு தெருவாக நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பள்ளமாகிப்போன வாசல்களில் கல் கெட்டுப்போயிருக்கவில்லை. கல்லுக்கு அடியிலிருந்த மணல்தான் போயிருந்தது.

நம் பக்கத்தில் ஒரு தெரு செம்மண், அடுத்த தெரு களி. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் நேராக மணலைக் கொட்டி, கல்லை அடுக்கி, காரை ஏற்றினால் இரண்டு வருடத்தில் சக்கரத் தடம் வாய்க்காலாகும். களியாக இருந்தால் ஓர் அடியாவது தோண்டி அப்புறப்படுத்துங்கள். கிராவலை நிரப்பி, அதன் மேல் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து, நாலு நாலு அங்குலமாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். முன்பு திமிசுக் கட்டையால் குத்துவார்கள். இப்போது பிளேட் வைப்ரேட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரே மூச்சில் ஓர் அடியைக் கொட்டி மேலே மட்டும் தட்டிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள்.

இதற்கு மேல் இரண்டு வழி. மணல் படுக்கையில் பாவுவதென்றால் கல் இரண்டு முதல் மூன்று அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். சுற்றிலும் அசையாத ஓரக்கட்டு வேண்டும், இல்லாவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல நகர்ந்து பல்லிளிக்கும். ஓர் அங்குலப் பலகைதான் கையில் இருக்கிறது என்றால், அடியில் நாலு அங்குலக் கான்கிரீட் போட்டு அதன் மேல் கலவையில் பதிக்க வேண்டும். அங்கேதான் ஒரு பெரிய திருட்டு நடக்கிறது. கலவையைப் பலகை முழுக்கப் பரப்பாமல், அஞ்சு இடத்தில் உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மேலே ரசமட்டம் வைத்தால் கச்சிதமாக இருக்கும். உள்ளே பொள்ளல். முதல் தண்ணி லாரி ஏறியதும் பலகை இரண்டாகப் பிளக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக்கொண்டே போங்கள். காலிப் பானைச் சத்தம் வந்த கல்லைச் சாக்கட்டியால் குறியிட்டு, கூலி கொடுப்பதற்கு முன்னால் எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள்.

வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம், வீட்டிலிருந்து தெருவை நோக்கி. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்து, வீடு பள்ளத்தில் இறங்கிவிட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தெருவுக்கு வாட்டம் கொடுக்க முடியாது. கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு கம்பிமூடிய வாய்க்கால் வெட்டி, தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். சாய்தளத்தைத் தெருவுக்குள் நீட்டிச் சாக்கடையை அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

என்னைக் கேட்டால் முழு வாசலையும் கல்லால் மூடவே வேண்டாம். கார் சக்கரம் ஓடும் இடத்தில் இரண்டடி அகலத்தில் இரண்டு தடம், நடுவில் புல்லோ கூழாங்கல்லோ. பழைய பங்களாக்களில் இப்படித்தான் இருந்தது. கல்லுக்கு ஆகும் செலவு பாதியாகும், மழை கிணற்றுக்குப் போகும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. மொட்டைமாடியிலிருந்து பைப் இறக்கிவிட்டு, முற்றத்தை முழுக்க மூடிவிட்டால் கணக்கு எங்கே சரியாகும்?

சீலர் என்ன செய்யும், என்ன செய்யாது

திருவக்கரைக்கு வக்கரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் பக்கத்திலேயே உள்ள கல்மரப் பூங்காவை எட்டிப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், கடலூர் மணற்கல் படுகையில் புதைந்து கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பதிவு செய்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. மரம் எப்படிக் கல்லாயிற்று? நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்துளைகளில் புகுந்து, அறை அறையாக நிரம்பி இறுகியது. ஆண்டு வளையம்கூட அழியவில்லை. (அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. தோட்டத்துக்கு அழகாக இருக்கும் என்று யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.)

நல்ல சீலர் செய்வதும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான். சிலேன், சிலாக்சேன் என்ற பெயர்களில் வருகிற ஊடுருவும் சீலர்களின் அடிப்படையும் சிலிக்கான்தான். கல்லின் துளைக்குள் இறங்கி, துளைச் சுவரில் ஒட்டி, தண்ணீரை வெறுக்கும் தோலை உண்டாக்குகின்றன. துளையை அடைப்பதில்லை, அதனால் அடியிலிருந்து வரும் ஈரம் ஆவியாக வெளியேறலாம். கல்லின் நிறமும் மாறுவதில்லை. எண்ணெயையும் தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று தயாரித்த ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கார் நிற்கிற இடத்துக்கு அதுதான் வேண்டும்.

இன்னொரு வகை, மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக், எபாக்சி பூச்சு. அடித்த அன்று வாசல் கல்யாண மண்டபம் போல மின்னும். கடைக்காரர்கள் அதிகம் விற்பதும் இதைத்தான். நம் ஊர் வாசலுக்கு இது ஆகாது என்பது என் தீர்ப்பு. 40 டிகிரி வெயிலில் ஓடி வந்த டயர் அதில் ஒட்டிக்கொண்டு உரித்தெடுக்கும். எபாக்சி வெயிலில் மஞ்சளாகும். மழையில் வழுக்கும். அடியிலிருந்து ஏறும் ஈரம் படலத்துக்குக் கீழே சிக்கி வெள்ளை மூட்டம் போடும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கல்லின் விலையைக் கூலியாகக் கொடுத்துவிடுவீர்கள்.

வெளிநாட்டுச் சீலர் டப்பாக்களில் பனியைப் பற்றியும் உப்புத் தூவுவதைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். தமிழ் வாசல் படுகிற பாடு அவர்களுக்குத் தெரியாது. தினம் காலையில் தண்ணீர் தெளிக்கிறோம். கார்த்திகைக்கு அகல் விளக்கின் எண்ணெய், தீபாவளிக்குப் பட்டாசு மருந்து, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர் வெளிர்நிற மணற்கல்லில் இறங்கினால் வீட்டம்மாவுக்குத் தூக்கம் போகும். பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறத்தை வெயிலே வெளுத்துவிடும். பொறுமையாகச் சில வாரம் விடுங்கள். எண்ணெய்க் கறைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. விழுந்த உடனே ஒற்றியெடுக்க வேண்டும். இறங்கிவிட்டால் சமையல் சோடாவையோ முகப்பவுடரையோ குழம்பாகக் கரைத்துக் கனமாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் வைத்து, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியெடுக்கும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஆசிட் மட்டும் எந்தக் கல்லுக்கும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லைத் தின்பதைப் பார்த்தோம். கருங்கல்லில் ஊற்றினால் அதிலுள்ள இரும்பைக் கிளப்பித் துருமஞ்சளாக்கும்.

கல் பாவிய சில வாரங்களில் இடுக்குகளில் வெள்ளையாகப் பொடி பூக்கும். "கல்லு உப்பு விடுது, மட்டமான கல்லு" என்பார்கள். பாவம், பெரும்பாலும் கல் மீது தவறில்லை. சிமெண்ட் கலவையிலிருக்கும் உப்புகளைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிறது. மரக்காணம் பக்கம் உவர் மண்ணும் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டுக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். கலவை இல்லாத இடத்தில் கலவையின் உப்பும் இல்லை. நாம் கலவையில் பதிப்பவர்கள், ஆகவே காத்திருக்க வேண்டியவர்கள். உப்பு பூத்து முடிவதற்குள் சீலர் அடித்தால் அந்த வெள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம். குறைந்தது 28 நாள் போகட்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் மறுபடி உள்ளேதான் போகும்.

அடிக்கிற நாளும் நேரமும் முக்கியம். கல் இரண்டு மூன்று நாளாவது மழையும் தெளிப்பும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் கோலத்தைத் தெருவில் போட்டுக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் கொதிக்கிற கல்லில் சீலர் இறங்குவதற்குள் ஆவியாகிவிடும்; விடிகாலையோ பொழுது சாயும் நேரமோதான் சரி. முதலில் மூலையில் ஒரே ஒரு கல்லில் அடித்து ஒரு நாள் பாருங்கள். பிறகு மெல்லிய கோட், கல் குடிக்கும் அளவுக்கு மட்டும். கால் மணி நேரத்தில் மேலே தேங்கியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட இடம் பிசுக்காகக் காய்ந்து, வருகிற புழுதியையெல்லாம் பிடித்துவைக்கும். இத்தனையும் செய்தாலும் சீலர் சாகாவரம் தராது. கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கறை விழுந்ததும் நீங்கள் துணியோடு ஓடி வருவதற்கு அவகாசம் தருகிறது.

எங்கள் தெருக்காரர் கடைசியில் அந்தக் கடப்பாவைப் பெயர்த்துவிட்டுக் கொத்திய கருங்கல் போட்டார். பெயர்த்தபோது பார்த்தால் எல்லாப் பலகைக்கும் அடியில் அஞ்சு உருண்டைதான். எலுமிச்சம்பழம் கெடுக்காமல் இருந்திருந்தாலும் அடுத்த தண்ணி லாரி கெடுத்திருக்கும். புதிய கல்லில் தண்ணீர் சொட்டிப் பார்த்தோம், பத்து நிமிடம் நின்றது. சீலர் வாங்கவில்லை.

இந்த ஆண்டு வாசலுக்குக் கல் பாவ நினைப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை முடிகிற வரை பொறுங்கள். தை பிறந்ததும் மண்ணைத் தோண்டி அடித்தளத்தை இறுக்குங்கள், மாசிக்குள் கல்லைப் பாவி முடியுங்கள். மணற்கல் போட்டவர்கள் பங்குனியில் ஒரு விடிகாலையில் சீலர் அடிக்கலாம். மூன்று வருடம் கழித்து அதே கல்லில் மறுபடி தண்ணீரைச் சொட்டிப் பாருங்கள். முத்து நின்றால் விட்டுவிடுங்கள். கல் கறுத்தால் அடுத்த டப்பாவை அப்போது வாங்கினால் போதும்.